சளியில் நெளிந்த புழு

சளி மாதிரியில் புழுவைத் தேடும் பழக்கம் யாருக்கும் கிடையாது. காசநோய்க் கிருமி இருக்கிறதா, நிமோனியா உண்டாக்கும் பாக்டீரியா இருக்கிறதா என்றுதான் பார்ப்போம். அன்றைக்கு நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கிராம் சாயம் ஏற்றிய ஸ்லைடில் சிவப்புக் குச்சிகளாக பாக்டீரியா நிறையவே இருந்தது, அதற்கு நடுவில் நூல் மாதிரி நீளமாக, வளைந்து ஒன்று கிடந்தது. பஞ்சு இழை என்று நினைத்து அடுத்த ஸ்லைடுக்குப் போயிருப்பேன். ஆனால் பஞ்சு இழைக்குள் உணவுக்குழல் இருக்காது.

மிச்சமிருந்த சளியில் ஒரு துளி எடுத்து உப்புநீரில் கலந்து, சாயம் எதுவும் போடாமல், பத்து மடங்கு லென்சில் வைத்தேன். உயிரோடு இருந்தது. தலையை ஒருபக்கம் வீசி, உடம்பை எட்டு போல மடக்கி, பார்வை வட்டத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு வேகமாக நீந்திப் போனது. நீளம் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். உணவுக்குழல் உடம்பில் ஏறத்தாழ பாதி. லென்சை மாற்றி வால் நுனியைப் பார்த்தேன், அது கூராக முடியாமல் சிறு பிளவோடு இருந்தது. ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் ஸ்டெர்கோராலிஸ். தோலைத் துளைக்கத் தயாரான நிலையில் உள்ள இளம்புழு. நான் பார்த்த அந்த ஒரு துளியில் மட்டும் ஆறேழு இருந்தன.

வார்டுக்கு போன் செய்தேன். "மேடம், சாம்பிள் மாறிப் போச்சா? நாங்க மலம் அனுப்பலையே, சளிதானே அனுப்பினோம்" என்றார் டாக்டர். மாறவில்லை, சளிதான், நீங்கள் கொடுத்துக்கொண்டிருக்கும் ஸ்டீராய்டு எத்தனை நாளாகப் போகிறது என்று கேட்டேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

நோயாளி அறுபதைக் கடந்த ஒரு பெரியவர். தன் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுநீரகத்தைத் தாக்கும் ஒரு நோய்க்காக மூன்று வாரமாக அதிக அளவில் ஸ்டீராய்டு போய்க்கொண்டிருந்தது. சிறுநீரகம் தேறி வந்தது. அப்புறம் வயிற்று வலி, வாந்தி, பிறகு இருமல், மூச்சுத் திணறல், ரத்தத்தில் குடல் பாக்டீரியா. எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்குத் தொற்று வருவது சகஜம் என்று ஆண்டிபயாட்டிக்கை மாற்றி மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த பாக்டீரியா குடலை விட்டு வெளியே எப்படி வந்தது என்ற கேள்வியை யாரும் எழுப்பவில்லை.

இந்த ஒரு ஸ்லைடுதான் என்னை இந்த விஷயத்துக்குள் இழுத்தது. அதற்கு முன்னால் "எதிர்ப்புச் சக்தி குறைந்தால் எல்லாத் தொற்றும் கூடும்" என்ற ஒற்றை வரிதான் என் மனதிலும் இருந்தது. புழுக்கள் விஷயத்தில் அந்த வரி பாதிக்குப் பாதி தப்பு. சில புழுக்கள் அப்படித்தான் நடந்துகொள்ளும். சில கண்டுகொள்ளவே மாட்டா. சில, எதிர்ப்புச் சக்தி குறைந்தால் தாங்களே திண்டாடிப் போகும்.

முதலில் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் ஏன் தனி ரகம் என்று சொல்லிவிடுகிறேன். நம் குடலில் வாழும் பெரும்பாலான புழுக்கள் உள்ளே பெருகுவதில்லை. உருண்டைப்புழுவை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு பெண் புழு ஒரு நாளைக்கு இரண்டு லட்சம் முட்டை வரை போடும், அதில் ஒன்றுகூட அதே வயிற்றுக்குள் வளர்ந்து இன்னொரு புழுவாகாது. முட்டை வெளியே போக வேண்டும், மண்ணில் சில வாரம் கிடந்து முதிர வேண்டும், மறுபடி யாராவது விழுங்க வேண்டும். அதனால் ஒருவர் வயிற்றில் பத்துப் புழு இருந்தால், அவர் குறைந்தது பத்து முட்டையாவது விழுங்கியிருக்கிறார் என்று அர்த்தம். பாக்டீரியா, வைரஸ் மாதிரி ஒன்று பத்தாகி, பத்து லட்சமாகும் கணக்கு இங்கே இல்லை. புழு நோயில் எத்தனை புழு என்பதே பெரிய விஷயமாக இருப்பது இதனால்தான்.

ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் இந்தக் கணக்கை உடைத்துவிட்டது. சிறுகுடல் சுவருக்குள் புதைந்து வாழும் பெண் புழு இரண்டு மில்லிமீட்டர் அளவுதான், ஆண் துணை இல்லாமலே முட்டையிடும். முட்டை அங்கேயே பொரிந்து இளம்புழு வெளிவரும். அவற்றில் பெரும்பாலானவை மலத்தோடு வெளியேறிவிடும். சில மட்டும் அவசரப்பட்டு, வெளியே போவதற்கு முன்பே அடுத்த நிலைக்கு முதிர்ந்து, பெருங்குடல் சுவரையோ ஆசனவாயைச் சுற்றியுள்ள தோலையோ துளைத்து மறுபடி உள்ளே வந்துவிடும். தன் தொற்று என்று இதைச் சொல்கிறோம். வெளியிலிருந்து ஒரு புழுகூடப் புதிதாக வராமல், வருடக்கணக்காக அந்தக் குடும்பம் ஒரே உடம்புக்குள் தலைமுறை தலைமுறையாக ஓடிக்கொண்டிருக்கும்.

இந்தப் புழுவை முதலில் பார்த்தவர் லூயி நோர்மான் என்ற பிரெஞ்சுக் கடற்படை மருத்துவர். 1876-ல், அன்றைய கொச்சின்சைனாவிலிருந்து, அதாவது இன்றைய தெற்கு வியட்நாமிலிருந்து, தீராத வயிற்றுப்போக்கோடு துலோன் துறைமுகத்துக்குத் திரும்பிய சிப்பாய்களின் மலத்தில் பார்த்தார். அது எவ்வளவு காலம் உள்ளே தங்கும் என்பது உலகத்துக்குப் புரிந்தது ரொம்பப் பிந்தி, அதுவும் ஒரு சோகமான வழியில். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் சிறைப்பட்டு, 1942, 1943-ல் சயாம் பர்மா ரயில் பாதை போட வைக்கப்பட்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய வீரர்கள் ஊர் திரும்பி நாற்பது வருடம் போன பிறகும் அவர்கள் உடம்பில் அதே புழு இருந்தது. இடுப்பிலும் தொடையிலும் திடீரென்று சிவந்த கோடு ஒன்று தோன்றி, மணிக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் நகர்ந்து, ஓரிரு நாளில் மறைந்துவிடும். தோலுக்கு அடியில் இளம்புழு ஓடும் தடம் அது. பலர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமலே வாழ்ந்திருக்கிறார்கள்.

நாற்பது வருடம். பெருகத் தெரிந்த ஒரு புழு அத்தனை காலம் பெருகாமல் இருந்திருக்கிறது. அதை அடக்கி வைத்தது எது?

நம் எதிர்ப்புச் சக்திக்கு ஒரே முகம் கிடையாது. செல்லுக்குள் ஒளியும் வைரஸ், காசநோய்க் கிருமி போன்றவற்றுக்கு ஒரு வகை எதிர்வினை, அதை முதல் வகை என்பார்கள். புழுவுக்கு வேறு வகை, இரண்டாம் வகை. புழுவை எந்த வெள்ளையணுவாலும் விழுங்க முடியாது, யானையை எறும்பு விழுங்குகிற கதைதான். அதனால் உடம்பு அதைத் தனியாகப் பிடித்துக் கொல்ல முயல்வதைவிட அது வாழும் இடத்தையே குலைத்துவிடுகிறது. குடல் சுவரில் டஃப்ட் செல் என்று தலையில் குஞ்சம் வைத்த மாதிரி ஒரு செல் உண்டு, நூறு செல்லுக்கு ஒன்று இரண்டு இருந்தால் அதிகம். அது எதற்கு என்பதே நெடுங்காலமாகப் புரியாமல் இருந்தது. 2016-ல் மூன்று ஆய்வுக் குழுக்கள் ஒரே நேரத்தில் கண்டுபிடித்தன: புழு வந்திருப்பதை முகர்ந்து சொல்லும் காவல் செல் அதுதான். அது இன்டர்லூக்கின் 25 என்ற சமிக்ஞையை விடும், பக்கத்தில் இருக்கும் ஒரு வகை வெள்ளையணு அதைக் கேட்டு இன்டர்லூக்கின் 13-ஐ விடும், அதைக் கேட்டுக் குடல் சுவரே மாறத் தொடங்கும். சளி சுரக்கும் செல்கள் பெருகும், குடலுக்குள் நீர் கசியும், தசைகள் வேகமாக அலையடிக்கும், மேல்தோல் செல்கள் சீக்கிரம் சீக்கிரம் உதிர்ந்து புதுப்பிக்கும். டஃப்ட் செல்களும் பல மடங்காகும். வழுக்கும் தரையில், வெள்ளத்தில், நிலநடுக்கத்தில் நிற்க முயல்வது போல இருக்கும் புழுவுக்கு.

திசுவுக்குள் ஊரும் இளம்புழுவுக்குக் கதை வேறு. அங்கே ஈயோசினோஃபில் என்ற வெள்ளையணுக்கள் கூட்டமாக வந்து அதன் மேல் ஒட்டிக்கொண்டு தங்கள் நச்சுத் துகள்களைக் கொட்டும், ஐ.ஜி.ஈ. என்ற ஆன்டிபாடியும் மற்ற அணுக்களும் சேர்ந்துகொள்ளும். ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் உள்ளவர்களில் பலருக்கு ரத்தப் பரிசோதனையில் ஈயோசினோஃபில் கூடுதலாகத் தெரிவது இதன் நிழல். பெருங்குடலைத் துளைத்து உள்ளே வரும் ஒவ்வொரு தலைமுறையிலும் பெரும்பகுதியை இந்தக் காவல் முடித்துவிடுகிறது, கொஞ்சம் தப்பிக்கிறது. அந்தக் கொஞ்சம்தான் நாற்பது வருடம் ஓடுகிறது.

ஸ்டீராய்டு இந்தக் காவலை அப்படியே படுக்க வைத்துவிடும். ஈயோசினோஃபில்கள் சில மணி நேரத்திலேயே ரத்தத்திலிருந்து மறையத் தொடங்கும். எதிர்ப்பை வழிநடத்தும் டி செல் என்ற வெள்ளையணுக்களும் ஒடுங்கும். அதற்குப் பிறகு இளம்புழுக்கள் ஆயிரக்கணக்கில் குடல் சுவரைத் துளைத்து நுரையீரல், சில சமயம் மூளை வரை போகும். இதை ஹைப்பர் இன்ஃபெக்ஷன் என்கிறோம். போகும்போது தனியாகப் போவதில்லை, உடம்பில் ஒட்டிய குடல் பாக்டீரியாவையும் சுமந்துகொண்டு போகும். ரத்தத்தில் பாக்டீரியா, மூளை உறையில் பாக்டீரியா என்று வருவதெல்லாம் இந்த வழியில்தான். கண்டுபிடிக்காமல் விட்டால் பெரும்பாலும் மரணம்தான்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ஆய்வகத்தில் ஒரு எளிய வழி இருக்கிறது. பாக்டீரியா வளர்க்கும் அகார் தட்டின் நடுவில் கொஞ்சம் மலத்தை வைத்து மூடி ஒட்டிவிட்டு இரண்டு நாள் விட்டுவிட வேண்டும். இளம்புழு அகார் மேல் ஊர்ந்து போன வழியெல்லாம் பாக்டீரியாவை உதிர்த்துவிட்டுப் போயிருக்கும், அந்தப் பாதையில் புள்ளிப் புள்ளியாகக் காலனிகள் முளைத்திருக்கும், வளைந்து வளைந்து ஒரு கோலத்தின் ஓரம் மாதிரி. பெரியவரின் தட்டை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தபோது அதில் கோடு இல்லாத இடமே இல்லை. இதே வேலையைத்தான் அது அவர் ரத்தக் குழாயிலும் நுரையீரலிலும் செய்துகொண்டிருந்தது.

சரி, இதுவரைக்கும் "எதிர்ப்புச் சக்தி குறைந்தது, புழு பெருகியது" என்ற நேர்க்கோட்டுக் கதைதான். எய்ட்ஸ் வந்தபோது எல்லோரும் இதைத்தான் எதிர்பார்த்தார்கள். டி செல்களை அழிக்கும் நோய், அதனால் இந்தப் புழு உள்ள பகுதிகளில் எல்லாம் ஹைப்பர் இன்ஃபெக்ஷன் கொத்துக் கொத்தாக வரும் என்று நினைத்து, எய்ட்ஸை அடையாளம் காட்டும் நோய்களின் ஆரம்பகாலப் பட்டியலில் இதையும் சேர்த்தார்கள். வரவில்லை. ஹெச்.ஐ.வி.யும் இந்தப் புழுவும் ஒரே ஊரில், ஒரே உடம்பில் இருந்தும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வந்தது. 1987-ல் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

ஏன் என்பதற்கு இரண்டு மூன்று விளக்கம் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது புழுவின் பக்கத்திலிருந்து வருவது. 2004-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஹெச்.ஐ.வி. உள்ளவர்களின் மலத்திலிருந்து இளம்புழுக்களை எடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். இளம்புழுவுக்கு முன்னால் இரண்டு பாதை உண்டு: நேராகத் தொற்றும் நிலைக்கு முதிர்வது, அல்லது மண்ணில் ஆணும் பெண்ணுமாக வளர்ந்து ஒரு தலைமுறை சுதந்திரமாக வாழ்வது. யாருக்கு சி.டி.4 அணுக்கள், அதாவது ஹெச்.ஐ.வி. அழிக்கும் டி செல்கள், குறைவாக இருந்ததோ அவர்களுடைய புழுக்கள் இரண்டாவது பாதையை அதிகமாகத் தேர்ந்தெடுத்தன. ஒருவர் தன் தொற்றுக்கு ஆளாக வேண்டுமென்றால் முதல் பாதைதான் வேண்டும். ஆக எதிர்ப்புச் சக்தி தளர்ந்த உடம்பில் புழு அவசரப்படவில்லை, வெளியே போகும் வழியைப் பார்த்தது. உடம்பின் நிலவரத்தைப் புழு படிக்கிறது என்பதை எனக்கு முதலில் உணர்த்தியது இந்த ஆய்வுதான்.

அப்படியானால் ஸ்டீராய்டு மட்டும் ஏன் இவ்வளவு மோசம்? ஒரு பழைய சந்தேகம் உண்டு, ஸ்டீராய்டு புழுவோடு நேரடியாகவே பேசுகிறதோ என்று. புழுவுக்கும் தோலுரித்து வளர்வதற்கு ஸ்டீராய்டு வகை ஹார்மோன் வேண்டும், அதைக் கேட்கும் ஏற்பி அதனிடம் இருக்கிறது. 2018-ல் ஒரு பரிசோதனை வெளிவந்தது. எதிர்ப்புச் சக்தியே ஏறக்குறைய இல்லாத, டி செல், ஆன்டிபாடி செய்யும் பி செல் எதுவும் இல்லாத ஒரு வகை எலியில் இந்தப் புழுவை விட்டார்கள். புழு தங்கியது, ஆனால் பெருவெள்ளமாகவில்லை. மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டதும் ஹைப்பர் இன்ஃபெக்ஷன் வந்தது. புழுவின் சொந்த ஹார்மோனைக் கொடுத்ததும் அது அடங்கியது. அடக்குவதற்கு டி செல்லும் பி செல்லும் இல்லாத எலியிலும் ஸ்டீராய்டு வேலை செய்கிறது என்றால், டி செல்லை ஒடுக்குவது கதையின் ஒரு பாதிதான் என்றாகிறது. மீதி எவ்வளவு புழுவின் மேல் நேரடியாக, எவ்வளவு எலியின் மற்ற செல்கள் வழியாக என்பது இன்னும் பிரித்துப் பார்க்க வேண்டிய விஷயம்.

ஹெச்.டி.எல்.வி.-1 என்று இன்னொரு வைரஸ் இருக்கிறது. இது ஹெச்.ஐ.வி. போல டி செல்லை அழிக்காது, தூண்டிவிடும், தவறான பக்கமாக. வைரஸுக்கு எதிரான முதல் வகை எதிர்வினை எகிறும், அதன் சமிக்ஞையான இன்டர்ஃபெரான் காமா பொங்கும், அந்த இரைச்சலில் புழுவுக்கான இரண்டாம் வகை அமுங்கிப் போகும், ஐ.ஜி.ஈ. குறையும். இந்த வைரஸ் உள்ளவர் வெளிப்பார்வைக்கு நல்ல ஆரோக்கியமாக இருப்பார், சாதாரணப் பரிசோதனை எதிலும் எதிர்ப்புச் சக்தி குறைவு என்று வராது. ஆனால் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் அவரிடம் தாண்டவமாடும், மருந்து கொடுத்தாலும் திரும்பத் திரும்ப வரும். மருந்து கொடுத்தும் அடங்காத ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்றால் இந்த வைரஸைத் தேடிப் பாருங்கள் என்று சொல்வது இதனால்தான்.

டி செல்லை அழிக்கும் வைரஸ் பெரிதாகக் கெடுக்கவில்லை, டி செல்லைத் தூண்டும் வைரஸ் கெடுக்கிறது. "எதிர்ப்புச் சக்தி" என்று ஒரே சொல்லில் நாம் சொல்வது எவ்வளவு போதாத சொல் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இன்னும் விசித்திரமானது ஷிஸ்டோசோமா என்ற ரத்தக்குழாய்ப் புழு. குடலைச் சுற்றியுள்ள சிரைகளில், அதாவது அசுத்த ரத்தம் ஓடும் குழாய்களில், ஆணும் பெண்ணும் ஜோடியாக வருடக்கணக்கில் வாழும். அதன் சிக்கல் முட்டையை வெளியே அனுப்புவது. ரத்தக் குழாய்க்குள் போட்ட முட்டை குழாய்ச் சுவரைக் கடந்து, குடல் சுவரைக் கடந்து, மலத்தில் விழ வேண்டும். முட்டைக்குக் காலும் இல்லை, பல்லும் இல்லை. அது என்ன செய்கிறதென்றால், நம் எதிர்ப்பு அணுக்களைச் சீண்டித் தன்னைச் சுற்றிக் கூட்டம் போட வைக்கிறது, அந்தக் கூட்டம் திசுவை அரித்துக்கொண்டு குடலின் உள்பக்கம் நகரும்போது முட்டையும் கூடவே நகர்ந்து வெளியே விழுகிறது. நம்மை வைத்தே பல்லக்குத் தூக்க வைக்கும் வேலை. இதை உறுதி செய்வது போல 1997-ல் ஒரு செய்தி வந்தது. கென்யாவின் மேற்கே, விக்டோரியா ஏரித் தண்ணீரில் நின்று வேலை செய்யும் மனிதர்களில் ஹெச்.ஐ.வி.யால் சி.டி.4 குறைந்தவர்களின் மலத்தில் முட்டை குறைவாக இருந்தது. புழு இருக்கிறது, முட்டையும் போடுகிறது, ஆனால் பல்லக்குத் தூக்க ஆள் இல்லை. முட்டை எண்ணிப் புழுவை மதிப்பிடும் என் போன்றவர்களுக்கு இது ஒரு பெரிய எச்சரிக்கை. 2001-ல் எலிகளில் பார்த்தது இன்னும் ஒரு படி மேலே: டி, பி செல்கள் இல்லாத எலியில் இந்தப் புழு சரியாக வளரவே இல்லை, குட்டையாக நின்றுவிட்டது. நம் எதிர்ப்பு அணுக்கள் இருப்பதையே தான் வளர்வதற்கான அடையாளமாக எடுத்துக்கொள்கிறது.

எதிர்ப்பு எந்தப் பக்கம் சாயும் என்பது சில சமயம் எத்தனை புழு வந்தது என்பதையே பொறுத்திருக்கிறது. சாட்டைப்புழுவின் எலி வகையை வைத்து இதைப் பார்த்திருக்கிறார்கள். ஒரே மரபுள்ள எலிகள், ஒரு கூட்டத்துக்கு ஒரே தடவையில் இருநூறு முட்டை, இன்னொரு கூட்டத்துக்கு இருபது. இருநூறு வாங்கியவை இரண்டாம் வகை எதிர்வினையை எழுப்பி மொத்தத்தையும் துரத்திவிட்டன. இருபது வாங்கியவை முதல் வகைப் பக்கம் போய் அந்தப் புழுக்களை நெடுங்காலம் சுமந்தன. கொஞ்சமாக வந்தது தங்கிவிட்டது, கூட்டமாக வந்தது துரத்தப்பட்டது. நிஜ வாழ்க்கையில் மனிதர்களுக்கு இருநூறு ஒரே நாளில் வருவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வருகிறது.

ஒரே மண்ணில் நடக்கிற மக்களிடமும் புழுக்கள் சமமாகப் பங்கு போடப்படுவதில்லை, ஒரு சிலரிடம்தான் பெரும்பங்கு இருக்கும். மருந்து கொடுத்து எல்லோரையும் சுத்தம் செய்துவிட்டுக் கொஞ்ச காலம் கழித்துப் பார்த்தாலும் முன்பு அதிகம் இருந்தவர்களிடமே மறுபடி அதிகம் சேர்ந்திருக்கும். சுகாதாரம், பழக்கம் எல்லாம் இதில் உண்டுதான். ஆனால் நேபாளத்தின் ஜிரேல் மக்களிடம் உறவுமுறைகளை வைத்துக் கணக்கிட்டபோது, உருண்டைப்புழு எண்ணிக்கையில் காணும் வேறுபாட்டில் 30 முதல் 50 சதவீதம் மரபுவழி என்று 1999-ல் தெரிந்தது. "சுத்தமா இருந்தா புழு வராது" என்று ஒரு தாயிடம் கண்டிப்பாகச் சொல்வதை நான் நிறுத்திக்கொண்டது இதைப் படித்த பிறகு.

எதிர்ப்புச் சக்தி கூடினால் நல்லது என்று முடிவு கட்டவும் முடியாது. யானைக்கால் புழு இருக்கிறதே, ரத்தத்தில் லட்சக்கணக்கான குட்டிப் புழுக்களோடு எந்தத் தொந்தரவும் இல்லாமல் நடமாடுபவர்களைப் பார்க்கலாம், அவர்கள் உடம்பு புழுவைப் பொறுத்துப் போகப் பழகிவிட்டது. கால் வீங்கியவர்களில் பலருக்கு ரத்தத்தில் ஒரு குட்டிப் புழுகூட இருக்காது. இன்னும் சிலருக்கு ஈயோசினோஃபில் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் மூவாயிரத்தைத் தாண்டி எகிறி இரவெல்லாம் இருமல் வரும், நுரையீரலில் சிக்கும் குட்டிப் புழுக்களை மூர்க்கமாகத் தாக்குவதால் வரும் நோய் அது. புழு ஒன்றுதான், மூன்று உடம்பு மூன்று விதமாக எதிர்கொள்கிறது. மூளையில் தங்கும் நாடாப்புழுக் கட்டிகளும் அப்படியே. உயிரோடு இருக்கும்வரை பல வருடம் சத்தமில்லாமல் இருக்கும், சாகும்போது உடம்பு பொங்கி எழும், வலிப்பு வரும். அதனால் அங்கே புழு மருந்தோடு ஸ்டீராய்டும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஒரு புழுவில் ஆளைக் கொல்லும் அதே மருந்து இன்னொரு புழுவில் ஆளைக் காப்பாற்றுகிறது. நாடாப்புழுக் கட்டிக்கு நீண்ட நாள் ஸ்டீராய்டு தொடங்கும் முன் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள் என்று சிகிச்சை வழிகாட்டியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள், அதைப் படித்தபோது எனக்கு ஒரு நிம்மதி.

புழு நம் எதிர்ப்பைத் தணிப்பதால் சிலருக்கு லாபமும் உண்டு. அர்ஜென்டினாவில், எதிர்ப்புச் சக்தி தன் நரம்பு மண்டலத்தையே தாக்கும் மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் நோய் உள்ள பன்னிரண்டு பேருக்குக் குடற்புழுவும் சேர்ந்திருந்தது, அவர்களுக்கு நோய் வெகுவாக அடங்கியிருந்தது 2007-ல் பதிவானது. பின்னால் புழுத் தொந்தரவு தாங்காமல் நான்கு பேருக்கு மருந்து கொடுத்தபோது நோய் மறுபடி தலைதூக்கியது. இதை நம்பிப் புழு முட்டையையே மருந்தாகக் கொடுத்துப் பார்த்த பெரிய பரிசோதனைகள் கைகொடுக்கவில்லை, அதனால் யாரும் வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம்.

எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கும் ஒரு சம்பவம் கொலம்பியாவின் மெடெயின் நகரத்தில் நடந்தது. 2013-ல் ஹெச்.ஐ.வி.க்கு மருந்து ஒழுங்காக எடுக்காத 41 வயதுக்காரர் ஒருவரின் நுரையீரலிலும் நிணநீர்க் கட்டிகளிலும் புற்றுநோய் மாதிரி வளர்ச்சி. செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகின, பக்கத்துத் திசுவுக்குள் புகுந்தன, ஆனால் மனிதச் செல்லைவிட ரொம்பச் சின்னவை. மரபணுவைப் பார்த்தபோது அவை குள்ள நாடாப்புழுவின் செல்கள். அந்த நாடாப்புழுவும் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் போலவே ஒரே உடம்புக்குள் தலைமுறை ஓட்டத் தெரிந்தது. கேட்க ஆளில்லாத உடம்பில், புழுவின் செல்களே புற்றுநோயாக மாறியிருந்தன. 2015-ல் இது வெளிவந்தது. உண்மை தெரிந்த மூன்றாம் நாள் அவர் இறந்துவிட்டார்.

ஆய்வகத்தில் உட்கார்ந்திருப்பவளாக நான் டாக்டர்களிடமும் நோயாளிகளிடமும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்வது ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் பற்றித்தான், ஏனென்றால் இது தடுக்கக்கூடிய சாவு. உலகத்தில் 30 கோடி முதல் 60 கோடிப் பேரிடம் இது இருக்கலாம் என்பது மதிப்பீடு. ஒரே ஒரு தடவை மலம் பார்த்து "இல்லை" என்று எழுதினால் அதை நம்ப வேண்டாம், பாதிக்கும் மேல் தவறிப் போகும், ஏனென்றால் வெளிவரும் இளம்புழுக்கள் குறைவு, தினமும் வருவதும் இல்லை. ரத்தத்தில் ஆன்டிபாடிப் பரிசோதனை நன்றாகப் பிடிக்கும். எல்லோருக்கும் தெரிந்த பூச்சி மருந்து அல்பெண்டசோல், ஒரு வேளை போட்டால் உருண்டைப்புழு போய்விடும், இது போகாது. இதற்கு ஐவர்மெக்டின்தான், சிக்கல் இல்லாதவருக்கு உடல் எடைக்கு ஏற்ற ஒரு வேளை, இரண்டு வேளையில் முடிந்துவிடும் வேலை. 2024-ல் உலக சுகாதார நிறுவனம், பள்ளி வயதுக் குழந்தைகளில் 5 சதவீதமோ அதற்கு மேலோ இந்தப் புழு உள்ள பகுதிகளில் ஐந்து வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் வருடம் ஒரு முறை கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறது. ரொம்பத் தாமதமாக வந்த நல்ல செய்தி.

2020-ல் கோவிட் நோயாளிகளுக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு உயிர் காக்கும் என்று தெரிந்த பிறகு உலகம் முழுக்க ஒரே நேரத்தில் எத்தனை பேருக்கு அது போனது என்று யோசித்துப் பாருங்கள். ஸ்டீராய்டுக்குப் பின் ஹைப்பர் இன்ஃபெக்ஷன் வந்தவர்களைப் பற்றிச் சில மாதங்களிலேயே மருத்துவ இதழ்களில் எழுதத் தொடங்கிவிட்டார்கள். கேட்க வேண்டிய கேள்வி சின்னதுதான்: மண்ணில் வெறுங்காலோடு நடந்து வளர்ந்தவரா, எந்த வருடத்திலாவது ஈயோசினோஃபில் காரணம் தெரியாமல் கூடியிருந்ததா. முப்பது வருடத்துக்கு முன்னால் என்றாலும் கணக்கில் சேர்த்தி.

பெரியவரின் மகள் பழைய ரிப்போர்ட்டுகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். நான்கு வருடத்துக்கு முந்தைய ஒரு ரத்தப் பரிசோதனையில் ஈயோசினோஃபில் 13 சதவீதம். அதைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு, பக்கத்தில் "அலர்ஜி" என்று யாரோ எழுதியிருந்தார்கள். "இது அப்பவே இருந்ததா மேடம்?" என்று கேட்டார் அந்தப் பெண். இருந்திருக்க வேண்டும் என்றேன். வேறு எதுவும் சொல்ல எனக்கு வரவில்லை.

ஐவர்மெக்டின் தினமும் தொடங்கியது. ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்த முடியாது, உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதை மறந்திருக்கும், அதனால் படிப்படியாகக் குறைத்தார்கள். ஒவ்வொரு நாளும் காலையில் சளியும் மலமும் எனக்கு வரும். மூன்றாம் நாள் புழுக்கள் இருந்தன, நீந்தவில்லை, ஓர் இடத்திலேயே லேசாக முறுக்கிக்கொண்டிருந்தன. ஐந்தாம் நாள் அசைவில்லை. எட்டாம் நாள் சளியில் ஒன்றும் இல்லை, மலத்தில் இரண்டு. பத்தாம் நாளிலிருந்து இரண்டிலும் இல்லை. அதோடு நிறுத்தவில்லை. ஒரு முழுச் சுற்று ஓடி முடிய இரண்டு வாரம் ஆகும் என்பதால் இரண்டிலும் இல்லை என்று வந்த நாளிலிருந்து இன்னும் இரண்டு வாரம் மருந்தும் பரிசோதனையும் தொடர்ந்தன.

சேர்ந்த நாளிலிருந்து அவருடைய ரத்தத்தில் ஈயோசினோஃபில் பூஜ்யமாகவே இருந்தது. அத்தனை ஆயிரம் புழுக்கள் உடம்பெங்கும் ஓடும்போது பூஜ்யம். பன்னிரண்டாம் நாள் ரத்த ஸ்லைடில் நூறு வெள்ளையணுக்களை எண்ணிக்கொண்டு போனபோது, அறுபத்துச் சொச்சத்தில் ஒன்று வந்தது, செக்கச் சிவந்த துகள்களோடு, இரண்டு மடல் உட்கருவோடு. எண்ணுவதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் வார்டுக்கு போன் செய்தேன்.